வலிப்போடு தைராய்டும் சர்க்கரையும்: அவரவர் அனுபவம்

பல்லடத்துக்காரி:
எனக்குக் காலேஜ் படிக்கும்போதே வலிப்பு வந்ததுங்க. அன்றிலிருந்து கார்பமாசெபின் என்கிற வலிப்பு மாத்திரைதான். அது கட்டுக்குள் வந்த பிறகு தைராய்டு வந்தது, பின்னாலேயே சர்க்கரை. மூன்றுக்கும் தனித்தனி டாக்டர், தனித்தனி ஃபைல். தைராய்டு மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனார்கள், ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவைக் காட்டும் டிஎஸ்எச் அளவு இறங்கவே இல்லை. "மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா?" என்று அந்த டாக்டர் கேட்டதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது, விடியக்காலையில் எழுந்து மாத்திரை போட்டுவிட்டு ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் காத்திருப்பவள் நான். கடைசியில் எல்லாச் சீட்டையும் சேர்த்துப் பார்த்த நரம்பு டாக்டர்தான் விளக்கினார். வலிப்பு மாத்திரையால் கல்லீரல் தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்ஸினைச் சீக்கிரம் சிதைத்துவிடுமாம், அதனால் அளவு கூடுதலாகவே தேவைப்படுமாம். ஃபெனிடாயின் என்கிற இன்னொரு வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

அப்புறம் சர்க்கரை. மாரியம்மன் நோம்பியில் பூவோடு (தீச்சட்டி) எடுத்து முடிய நேரமாகி, சாப்பாடு தள்ளிப்போனது. காலையில் போட்ட சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு தன் வேலையைக் காட்டிவிட்டது. வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, நாக்குக் குழறுகிறது. ஒரம்பரைச் சனம் "ஃபிட்ஸ் வந்துருச்சு" என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். நாத்தனார் மகள் நர்சிங் படிக்கிற பிள்ளை. "அத்தை, எம் பேரு என்ன சொல்லுங்க" என்றாள், நான் திருதிருவென்று முழித்தேன். உடனே விரலைக் குத்திப் பார்த்தாள், 52. முழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள், தெளிந்துவிட்டேன். அது இன்னும் இறங்கியிருந்தால் நிஜமாகவே வலிப்பு வந்திருக்கும். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். இரும்பால் ஒன்றும் ஆகாது.

பவானித் தறிக்காரர்:
எனக்கு வலிப்பும் பிரஷரும். ராத்திரி ஷிப்ட்தான் எமன், தூக்கம் கெட்டால் மறுநாளே வந்துவிடும். முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிப் பகல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன், கூலி குறைந்தாலும் பரவாயில்லை. போன வருஷம் இடுப்பு வலிக்கு ஒரு டாக்டர் டிரமடால் எழுதிக் கொடுத்தார், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்துக்கடை அண்ணன்தான் "வேற என்ன மாத்திரைங்க ஓடுது?" என்று கேட்டு, என் பழைய சீட்டைப் பார்த்ததும் எடுத்த அட்டையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். அது வலிப்பைத் தூண்டிவிடுமாம், டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரை எழுதி வாங்கி வரச் சொன்னார். அந்த மனுசன் நல்லா இருக்கோணும்.

காங்கேயத்துத் தம்பி:
எங்க அக்காவுக்காக எழுதுகிறேன். ரொம்ப வருஷமாக ஃபெனிடாயின். ஈறு வீங்கிப் பல்லையே பாதி மூடிவிட்டது. விட்டமின் டி குறைந்து எலும்பும் பலவீனமாகிவிட்டது, இரண்டுக்கும் அந்த மாத்திரை ஒரு காரணம் என்று பின்னால்தான் தெரிந்தது. இப்போது தைராய்டும் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளை பார்த்தபோது மறைத்துக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று சொன்ன பெரியவர்கள் உண்டு, அப்பாதான் சம்மதிக்கவில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொல்லியிருந்ததையே 1999-ல் எடுத்துவிட்டார்கள், ஆனால் சனங்க பேச்சு மாற மாட்டேன் என்கிறது. எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்ட மாமா, அக்காவின் மாத்திரைப் பேர், அளவு, நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறார். பல் டாக்டரானாலும் சரி, கண் டாக்டரானாலும் சரி, முதலில் அதைத்தான் நீட்டுவார்.

பல்லடத்து அக்கா, கால்சியம் மாத்திரை போடுகிறீர்கள் என்றால் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்க. எங்க அக்காவுக்கு அதைச் சொன்னதும் ஒரு மருந்துக்கடைக்காரர்தான்.