மறு: நாய் பிடிப்பதை எதிர்த்து மனு – கையெழுத்துப் போடும் முன்

அனைவருக்கும் வணக்கம்.

நம் பழைய தோட்டத்துப் பக்கம் திரியும் நாய்களை ஊராட்சி மன்றம் பிடிப்பதை எதிர்த்து மனு போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். மெல்பர்னில் இருக்கும் தம்பி அதோடு அனுப்பிய காணொளியைப் பார்த்தேன். வேறு ஏதோ ஊரில் எடுத்தது. கழுத்தில் சுருக்குக் கம்பி இறுக, நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு லோரியில் ஏற மறுக்கிற நாய். முழுதாகப் பார்க்க முடியவில்லை. மனு போடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 'நாயைப் பிடிக்கவே கூடாது' என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

நம் மலேசியாவில் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்தது. சரவாக்கில் 2017இலிருந்து உயிர்களே போயிருக்கின்றன. என்னையும் ஒரு நாய் கடித்தது. தெருநாய் இல்லை, கேட் திறந்து கிடந்த ஒரு வீட்டு நாய். வீட்டுக்காரி மஞ்சளை அரைத்துக்கொண்டு வந்தாள். கிட்டே விடவில்லை. குழாயடியில் பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மன்றமும் தனியாக நாய் விதிகள் வைத்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு எத்தனை நாய், எவ்வளவு கட்டணம், பிடித்ததை எத்தனை நாள் வைத்திருப்பது, எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். கழுத்தில் லைசென்ஸ் வில்லை இருந்தால் வீட்டுக்காரரைத் தேட வழி உண்டு, அபராதம் கட்டி மீட்கலாம். இல்லாத நாயைக் கேட்டு யாரும் வராவிட்டால், தத்தெடுக்கவும் ஆள் இல்லாவிட்டால், கெடு முடிந்ததும் கொல்லும் ஊசிதான்.

மனுவில் கேட்க வேண்டியது பிடிக்கிற முறையைப் பற்றி. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை என்று இருக்கிறது. அதை எடுத்துக்காட்டுங்கள். அப்புறம், சங்கப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கினால் ஈப்போவில் கால்நடை மருத்துவரிடம் கருத்தடையும் தடுப்பூசியும் செய்துவரலாம். லோரி வாடகை என் பொறுப்பு.

சரி, இந்த நாய்கள் எங்கிருந்து வந்தன? தோட்டத்தை விற்று லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, இடித்தபோது நாம் அடுக்குமாடிக்குப் போனோம். அங்கே நாய் வளர்க்க விடவில்லை. கட்டில், பீரோ, சாமிப்படம் எல்லாம் லோரியில் ஏறின. எங்கள் வீட்டுக் கருப்பன் செம்மண் பாதையில் பின்னாலேயே ஓடிவந்து, ரப்பர் பால் கொட்டகை வளைவில் நின்றுவிட்டான். அம்மா கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. பலர் வீட்டிலும் இதே கதைதான், யாரும் எழுதமாட்டோம்.

மூன்றாம் லயம் இருந்த இடத்தில் இப்போது லாலாங் புல்தான். ஒரு சிமெண்டுப் படி மட்டும் மிச்சம். அதன்மேல் ஒரு கிழட்டுச் செவலை தினமும் சாயங்காலம் வந்து படுக்கிறது. பெட்டை. இடது காது நுனி கிழிந்திருக்கும். பின்னால் இருக்கும் தாமானில் (குடியிருப்பில்) அதன்மேல் புகார் போய்விட்டது. என் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய். அதற்குமேல் லைசென்ஸ் கிடையாது என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். உங்களில் யாருக்காவது ஊரில் தனி வீடு உள்ள சொந்தக்காரர் இருந்தால் அவர் பெயரில் வில்லை எடுக்கலாம், பணம் நான் கட்டுகிறேன்.

ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) பக்கம் இருந்த ஆறு வீட்டில் அந்தச் செவலை யாருடையது? மணி என்றாலும் திரும்புகிறது, டைகர் என்றாலும் திரும்புகிறது. சரியான பெயர் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதினாலும் போதும்.