கடனை முடிக்கச் சொல்லி வங்கிக்குக் கடிதம் எழுதுகிறேன், இது சரியா?

கயல்:
எல்லோருக்கும் வணக்கம். தம்பியின் ஆபரேஷனுக்காக வாங்கிய தனிநபர் கடன். 60 தவணையில் 38 கட்டிவிட்டேன், ஒன்றுகூடத் தவறவில்லை. இப்போது மொத்தமாகக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது, மீதியை அடைத்துவிடலாம் என்று இருக்கிறேன். வங்கியின் ஆப்பில் மீதி அசல் தெரிகிறது. அதைக் கட்டிவிட்டு இந்தக் கடிதத்தைக் கொடுத்தால் போதுமா?

"எனது கடனை செட்டில்மென்ட் செய்து, கடன் தீர்ந்ததற்கான சான்று வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அப்பா ஒரு கடனைக் கட்டி முடித்துவிட்டுச் சான்று வாங்காமல் விட்டார். சில வருடம் கழித்து பாக்கி இருப்பதாக நோட்டீஸ் வந்தது. பெட்டியைத் திறந்தால் மெஷின் ரசீதுகள் எல்லாம் எழுத்து மங்கி வெறும் தாளாகக் கிடந்தன. அந்தப் பாடு எனக்கும் வேண்டாம்.

மதி:
ஆப்பில் தெரியும் அசலை மட்டும் கட்டாதீர்கள். கடைசித் தவணைக்குப் பிறகு ஓடிய நாள்களுக்கும் வட்டி உண்டு. அசல் 3,65,000, வட்டி 10 சதவீதம் என்றால் நாளுக்கு 100. 12 நாள் ஓடியிருந்தால் 1,200 பாக்கி நிற்கும், கணக்கும் மூடாது. எனக்கு அப்படித்தான் ஆனது.

ஓய்வுபெற்ற மேலாளர்:
கயல் அம்மா, முதலில் அந்த 'செட்டில்மென்ட்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நாம் பேச்சில் கணக்குத் தீர்ப்பதைத்தான் செட்டில் என்கிறோம். வங்கியில் அதற்கு வேறு பொருள்: முழுதும் கட்ட முடியாதவரிடம் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மீதியைத் தள்ளுபடி செய்வது. நாம் வாங்கிய கடன்களையும் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று ஏறும். முழுக்கக் கட்டியவருக்கு 'க்ளோஸ்டு' என்றுதான் வர வேண்டும். அடுத்து கடன் தருபவர் அந்தச் சொல்லையும் பார்ப்பார். 38 தவணை ஒழுங்காகக் கட்டிய நீங்கள் அந்தப் பெயரை ஏன் சுமக்க வேண்டும்?

கடிதம் இரண்டாக இருக்கட்டும். முதல் கடிதம் பணம் கட்டுவதற்கு முன்:

"எனது கடனை முழுமையாகச் செலுத்தி, தவணைக்காலத்துக்கு முன்பே முடிக்க விரும்புகிறேன். இன்ன தேதியில் செலுத்தினால் அசல், வட்டி, கட்டணம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

முன்கூட்டியே முடிக்கக் கட்டணம் உண்டா என்பது உங்கள் கடன் ஒப்பந்தத்தில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் தரும் தொகை எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் முக்கியம். அடுத்த தவணை பிடிக்கும் நாளுக்குச் சில நாள் முன்பே கட்டிவிடுங்கள், இல்லையென்றால் அதுவும் பிடிபட்டு, திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். கணக்கு மூடும் முன், தவணையைத் தானாகப் பிடிக்கும் ஆட்டோ டெபிட்டை நிறுத்தவும் வேண்டாம்.

கட்டிய பிறகு இரண்டாவது கடிதம். கடன் எண், கட்டிய தேதி, தொகை எழுதி, கணக்கை மூடி நிலுவை இல்லை என்று சான்று தரவும், ஆட்டோ டெபிட்டை ரத்து செய்யவும், பின்னால் வரும் தேதியிட்ட காசோலை கொடுத்திருந்தால் திருப்பித் தரவும் கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். நான் கவுன்டருக்கு உள்ளே இருந்தவன், அதனால் சொல்கிறேன்.

மதி:
அப்புறம், ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள்.

கயல்:
ஐயா, மதி, இருவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி கேட்டு வாங்கிய தொகையில் 9 நாள் வட்டி சேர்ந்திருந்தது. கட்டிவிட்டேன். இன்று சான்று கிடைத்தது. வாசல் வரை வந்த பிறகுதான் அதில் கடன் எண்ணைச் சரிபார்த்தேன்: கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. திரும்பிப் போய் உட்கார்ந்து, புதிதாக அடித்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்கி வந்தேன். ஒரு நகல் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். மங்காத தாளில்.