பம்பளிமாஸ்: எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி உரிப்பது?

கேள்வி
வணக்கம். போன வாரம் வாங்கிய பம்பளிமாஸ் பார்க்கப் பெரிதாக, பளபளவென்று இருந்தது. வெட்டினால் ஏகப்பட்ட வெள்ளைத் தோல், உள்ளே சுளையெல்லாம் சாறே இல்லாமல் வறண்டு கிடந்தது. தேறியதை மிக்சியில் அடித்து வைத்தேன், கொஞ்ச நேரம் கழித்துக் குடித்தால் வாயில் வைக்க முடியாத கசப்பு. வீட்டில் இனி இந்தப் பழமே வேண்டாம் என்கிறார்கள். நல்ல பம்பளிமாஸின் ருசி எனக்குத் தெரியும், அதனால் விட மனமில்லை. எதைப் பார்த்து எடுக்க வேண்டும், சுளை உடையாமல் எப்படி உரிப்பது? அப்புறம் அம்மா கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அவருக்குக் கொடுக்கலாமா?

பதில் 1
பெரிய பழம் என்று எடுக்காதீர்கள், கனமான பழமாக எடுங்கள். ஒரே அளவில் இரண்டு பழத்தைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பாருங்கள், எது கையை இழுக்கிறதோ அதில்தான் சாறு இருக்கிறது. ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரைக்கும் சாதாரணமாக வரும், ஆனால் பந்து மாதிரி பெரிதாக இருந்து கையில் லேசாக இருந்தால் உள்ளே முக்கால்வாசி பஞ்சுதான். காம்புப் பக்கம் கழுத்து நீண்டு தடித்திருந்தால் அந்த இடமெல்லாம் தோல், சுளை கீழேதான் ஆரம்பிக்கும். நிறத்தை நம்ப வேண்டாம், பச்சையாகவே பழுக்கிற வகைகளும் உண்டு, மஞ்சளாக மாறுகிறவையும் உண்டு. பளபளப்பும் ஒரு கணக்கே இல்லை. பறித்துச் சில நாள் ஆகித் தோல் கொஞ்சம் மங்கி, லேசாகத் தளர்ந்த பழம் பல சமயம் புதிதாகப் பறித்ததைவிட ருசியாக இருக்கும், வைத்திருக்க வைத்திருக்கப் புளிப்பு குறையும் என்பதுதான் காரணம். ஆனால் இனிப்பே ஏறாத காயைப் பறித்து வைத்தால் அது வாழைப்பழம் போலப் பழுத்து வராது. அழுத்தினால் ஒரே இடம் மட்டும் குழிந்தாலோ காம்படி நைந்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

மரத்திலேயே அளவுக்கு மீறி முற்றிய பழத்தில் சுளை அப்படி வறண்டு போவது உண்டு. கையில் தூக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பதில் 2
உரிப்பது பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பழத்தை வெறுக்கிறவர்களில் பாதிப் பேர் அதை ஆரஞ்சு மாதிரி சவ்வோடு தின்றவர்கள். கசப்பு முக்கியமாக அந்த வெள்ளைத் தோலிலும் சவ்விலும்தான் இருக்கிறது, நாரிஞ்சின் என்ற பொருள்.

முதலில் பழத்தைக் கழுவித் துடைத்துவிடுங்கள். மேல் பக்கம் ஒரு மூடி அளவுக்குச் சீவி எடுங்கள், சுளை தெரியக் கூடாது, வெள்ளை தெரிந்தால் போதும். அங்கிருந்து அடிவரை ஏழெட்டு இடத்தில் கீறி, கட்டைவிரலை உள்ளே விட்டுப் பட்டை பட்டையாகப் பிய்த்தால் தோல் வந்துவிடும். மிச்சம் ஒட்டியிருக்கிற வெள்ளையைப் பொறுமையாகக் கையாலேயே இழுத்து எடுங்கள். பிறகு நடுவில் இரண்டு கட்டைவிரலையும் நுழைத்துப் பழத்தைப் பிளந்து, சுளைகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு சுளையிலும் விதை இருக்கிற ஒடுங்கிய ஓரத்தைக் கத்தியால் ஒரு கீறு கீறி, சவ்வை இரண்டு பக்கமும் பின்னுக்கு மடக்கினால் சதை முழுசாகக் கழன்று வரும். மற்ற பழமாக இருந்தால் கை முழுக்கச் சாறு வழியும். இதில் சாறு மணிகள் பெரிதாக, விறைப்பாக இருப்பதால் அப்படியே உதிர்ந்து விழும், உடையாது. அந்த மணிகள் பல்லில் படும்போது ஒவ்வொன்றாக வெடிப்பதுதான் இந்தப் பழத்தின் சுகமே, அதனால் தயவுசெய்து மிக்சியில் போடாதீர்கள்.

சாறு வைத்த பிறகு கசந்ததற்கும் காரணம் உண்டு. சதையை நசுக்கும்போது அதில் இருக்கிற கசக்காத ஒரு பொருள், சாற்றின் புளிப்பில் மெல்ல மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறும். சாறுதான் வேண்டும் என்றால் உடனே குடித்துவிட வேண்டும். சுளையில் கசப்பு லேசாகத் தெரிந்தால் ஒரு சிட்டிகை உப்பு தூவுங்கள், உப்பு நாக்கில் கசப்பை அடக்கிவிடும்.

பதில் 3
அம்மா விஷயத்தை யாரும் தொடவில்லையே, அதுதான் முக்கியம். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கிரேப்ஃப்ரூட்டோடு சில மாத்திரைகள் சேரக் கூடாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பழமே பம்பளிமாஸுக்கும் ஆரஞ்சுக்கும் பிறந்த கலப்புதான், பிரச்சினை தருகிற ஃபுரானோகூமரின்கள் பம்பளிமாஸிலும் உண்டு. குடலில் மருந்தின் ஒரு பகுதியை உடைத்துக் குறைக்கிற சிஒய்பி3ஏ4 என்ற நொதியை அவை முடக்கிவிடும், அதனால் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாக ஏறும். சிம்வாஸ்டாடின், அட்டோர்வாஸ்டாடின் இரண்டும் இந்தப் பட்டியலில் வரும். ரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் எடுக்கிற சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் எல்லாமும்தான். "மாத்திரை ராத்திரி, பழம் காலையில்" என்று இடைவெளி விடுவதில் பலனில்லை, குடல் புது நொதியை உண்டாக்க ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். பழத்துக்காக மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள், கொலஸ்ட்ரால் மாத்திரைகளிலேயே ரோசுவாஸ்டாடின் போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் பெரிதாகக் கிடையாது.

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றி. சீட்டைப் பார்த்தேன், அட்டோர்வாஸ்டாடின்தான், கேட்காமல் கொடுக்க மாட்டேன். இன்னொன்று, மிச்சம் வருகிற சுளையை எத்தனை நாள் வைக்கலாம்? அந்தத் தோல் முழுக்க வீண்தானா?

பதில் 2
முழுப் பழம் வெளியிலேயே ஒன்றிரண்டு வாரம் தாங்கும். உரித்த சுளையை மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், சாப்பிடுகிற நேரத்தில் சவ்வை உரித்தால் சதை காயாது. தோலில் மேல் மஞ்சளைச் சீவி எறிந்துவிட்டு, வெள்ளையை நீளமாக நறுக்கி, மூன்று நான்கு முறை தண்ணீரை மாற்றி மாற்றிக் கொதிக்கவைத்துப் பிழியுங்கள். கசப்பு போனதும் சர்க்கரைப் பாகில் கண்ணாடி மாதிரி தெளிகிற வரை சிறு தீயில் விட்டு, எடுத்து உலர்த்தினால் மிட்டாய். கசப்பு போய்விட்டதா என்று பாகில் போடுவதற்கு முன்னால் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிடுங்கள், பாகில் போட்ட பிறகு அதை எடுக்க முடியாது.