எஸ்.இ.ஓ. ரிப்போர்ட்டில் கிராஃப் சரிந்துவிட்டது, கிளையன்ட் வேலையை நிறுத்தச் சொல்கிறார். அவசர உதவி

வேளச்சேரி_ஃப்ரீலான்ஸர்:
நாளை காலை கிளையன்டுடன் மீட்டிங். மார்ச்சில் இருந்து அவருக்கு எஸ்.இ.ஓ. (கூகுள் தேடலில் சைட்டை மேலே கொண்டுவரும் வேலை) செய்கிறேன், மாதா மாதம் பிடிஎஃப் ரிப்போர்ட் போகிறது. கோடை வரை எல்லாம் நன்றாக ஏறியது. இந்த செப்டம்பர் ரிப்போர்ட்டில் கிராஃப் அப்படியே கீழே இறங்கிவிட்டது. "பணம் வாங்கிக்கொண்டு என்ன செய்கிறீர்கள்? என் ஃப்ரெண்ட் போனில் தேடினால் நாம் வரவே இல்லையே" என்கிறார். சைட்டில் எந்தப் பிழையும் இல்லை. எப்படிப் புரியவைப்பது?

மதுரை_டேட்டா:
எந்த கிராஃப்? க்ளிக்கா (தேடலில் தொட்டு சைட்டுக்கு வந்தது), இம்ப்ரெஷனா (தேடல் முடிவில் சைட் காட்டப்பட்டது)? தேடல் கணக்கைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலா, சைட்டுக்குள் நடப்பதைக் காட்டும் ஜிஏ4-ஆ (கூகுள் அனலிடிக்ஸ்)? என்ன தொழில், எந்த ஊர்?

கன்டென்ட்காரன்:
ஏஐ ஓவர்வியூதான் (தேடல் முடிவுகளுக்கு மேலே கூகுளின் ஏஐ எழுதிக் காட்டும் சுருக்கம்), சந்தேகமே வேண்டாம். 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்ததில் இருந்து பதில் மேலேயே கிடைத்துவிடுகிறது, யாரும் கீழே வருவதில்லை. கிளையன்டிடம் இதைச் சொல்லுங்கள்.

சீனியர்_தேடல்:
இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வருகிறது. முதலில் ஒன்று சொல்லுங்கள் தம்பி, வேலையைத் தொடங்கும்போது எழுத்தில் என்ன கொடுத்தீர்கள்? பலன் தெரிய 4 மாதம் முதல் 1 வருடம் ஆகும் என்று கூகுளே 2017-ல் வெளியிட்ட வீடியோவில் சொல்லியிருக்கிறது. முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்றும் அவர்களுடைய உதவிப் பக்கத்தில் இருக்கிறது. இந்த அடிப்படையைப் படித்துவிட்டுத் தொழிலுக்கு வருவது நல்லது.

வேளச்சேரி_ஃப்ரீலான்ஸர்:
சர்ச் கன்சோல். இம்ப்ரெஷன்தான் பாதிக்குக் கீழே போய்விட்டது. க்ளிக்கும் மே மாதத்தை விடக் குறைவு. ஆனால் தேடல் வரிசையில் சராசரி இடம் மட்டும் முன்னேறியிருக்கிறது, அதுதான் புரியவில்லை.

மதுரை_டேட்டா:
அந்தச் சராசரி இடத்தில்தான் விடை இருக்கிறது. தேடல் பக்கத்தின் இணைய முகவரியில் ஒரு அளவுருவைச் சேர்த்தால் ஒரே பக்கத்தில் 100 முடிவுகள் காட்டும் வசதி கூகுளில் இருந்தது. ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அதை வைத்துத்தான் 8-ஆம் பக்கம், 9-ஆம் பக்கம் வரை ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டிருந்தன. மனிதர்கள் யாரும் பார்க்காத அந்த இடங்களும் இம்ப்ரெஷனாகக் கணக்கில் ஏறின. 2025 செப்டம்பரில் அந்த வசதி நின்றுவிட்டது. அடியில் கிடந்த இம்ப்ரெஷன்கள் போனதும் மொத்தம் குறைந்தது, சராசரி இடம் தானாக மேலே வந்தது. உங்கள் கிளையன்ட் இழந்தது எதுவும் இல்லை.

கன்டென்ட்காரன்:
அப்படியென்றால் க்ளிக் ஏன் குறைந்தது? அது ஏஐ ஓவர்வியூதான்.

மதுரை_டேட்டா:
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தொழில் என்னவென்று இன்னும் அவர் சொல்லவில்லை.

வேளச்சேரி_ஃப்ரீலான்ஸர்:
ஏசி சர்வீஸ். சென்னை.

கோவை_லோக்கல்:
ஐயா, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாமே! மே மாதத்தையும் செப்டம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சென்னையில் எந்த ஏசி கடைக்கும் கிராஃப் இறங்கத்தான் செய்யும். சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருக்கும். 2024 செப்டம்பரையும் 2025 செப்டம்பரையும் ஒப்பிடுங்கள். நீங்கள் வேலை தொடங்கியது மார்ச்சில், அதனால் போன வருடக் கணக்கு உங்கள் கை படாதது. இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. க்ளிக்கை மட்டும் ஒப்பிடுங்கள், போன வருட இம்ப்ரெஷனில் அந்த மென்பொருள் கணக்கும் கலந்திருக்கிறது. கடைப் பெயரைப் போட்டுத் தேடி வந்தவர்களை ஃபில்டர் போட்டு விலக்குங்கள், அவர்கள் நீங்கள் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். ஃபில்டர் போட்டதும் மொத்தம் கூட்டிப் பார்த்தால் இடிக்கும், ஏனென்றால் அரிதான தேடல் சொற்களைத் தனியுரிமைக்காக கூகுள் மறைத்துவிடுகிறது. அவர் கேட்பதற்கு முன்பே அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

அப்புறம் அந்த ஃப்ரெண்ட் போன் விஷயம். மேப் முடிவுகளைப் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றையும் வைத்து வரிசைப்படுத்துவதாக கூகுள் சொல்கிறது. கடை அண்ணா நகரில் இருந்து, ஃப்ரெண்ட் தாம்பரத்தில் உட்கார்ந்து தேடினால் பக்கத்துக் கடைதான் முன்னால் வரும்.

புதியவன்_எஸ்இஓ:
இந்தத் தலைவலியே வேண்டாம் என்று நான் முதலிடம் வந்தால்தான் பணம் என்று ஒப்பந்தம் போடுகிறேன். கிளையன்டுக்கும் நிம்மதி.

சீனியர்_தேடல்:
இந்த மாதிரி ஒப்பந்தங்களால்தான் துறைக்கே கெட்ட பெயர். யாரும் தேடாத நீளமான சொல்லில் முதலிடம் காட்டிப் பணம் வாங்குவது சேவை ஆகாது.

புதியவன்_எஸ்இஓ:
எந்தச் சொல் என்பதைக் கிளையன்ட்தான் தேர்ந்தெடுக்கிறார். மாதச் சம்பளம் கொடுக்கவே திணறும் சின்னக் கடைக்காரர் ஒரு வருடம் பலனே பார்க்காமல் மாதா மாதம் எப்படிக் கொடுப்பார்? பெரிய ஏஜென்சியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது சுலபம்.

சீனியர்_தேடல்:
அவர் தேர்ந்தெடுத்த சொல்லுக்கு வாடிக்கையாளர் வராவிட்டால் யார் பொறுப்பு? பணம் வாங்கிய நீங்கள்தான்.

கோவை_லோக்கல்:
இருவரும் தனி இழை தொடங்குங்கள். சின்னக் கடைக்காரரின் பணக் கஷ்டம் நியாயமான கவலைதான், ஆனால் இங்கே ஒருவருக்கு விடிந்தால் மீட்டிங்.

வேளச்சேரி, ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் கிராஃப் வேண்டாம். போன் எத்தனை, வாட்ஸ்அப் விசாரணை எத்தனை, அவ்வளவுதான். கூகுள் மேப்பில் கடைக்கு இருக்கும் பிசினஸ் ப்ரொஃபைல் காட்டும் கால் எண்ணிக்கை என்பது அங்கிருக்கும் பட்டனைத் தொட்டவர்கள் மட்டும். சைட்டில் இருக்கும் போன் எண்ணைத் தொடுவதை ஜிஏ4-ல் நாமே தனி ஈவென்ட்டாக அமைக்க வேண்டும். அதன் பிறகும் எத்தனை பேர் உண்மையில் வேலை கொடுத்தார்கள் என்பது கடையில் போன் எடுப்பவருக்குத்தான் தெரியும். அவரிடம் ஒரு நோட்டுப் போட்டு, எங்கே பார்த்து அழைத்தீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பணம் கொடுக்கிறவருக்குத் தன் கடை நோட்டில் இருக்கும் எண் மேல் வருகிற நம்பிக்கை நம் பிடிஎஃப் மேல் வராது.

மதுரை_டேட்டா:
இதோடு இன்னொன்று. இறங்குகிற மாதங்கள் எவை என்று நாளைக்கே சொல்லிவிடுங்கள். மழைக்காலம் முழுக்கக் குறைவாகத்தான் இருக்கும், பிப்ரவரி கடைசியில் ஏறத் தொடங்கும். முன்கூட்டிச் சொன்னால் அது திட்டம். கிராஃப் விழுந்த பிறகு சொன்னால் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

வேளச்சேரி_ஃப்ரீலான்ஸர்:
மீட்டிங் முடிந்தது. போன வருட செப்டம்பரை விட க்ளிக் அதிகம், கடைப் பெயரை விலக்கிய பிறகும். அதைப் பார்த்ததும் குரல் இறங்கியது. இம்ப்ரெஷன் கதையை அவர் பாதியிலேயே நிறுத்திவிட்டு போன் கணக்கைத்தான் கேட்டார். நோட்டு இன்று முதல் போடுகிறார்கள். மார்ச் வரை தொடரச் சொல்லியிருக்கிறார், ஆனால் கட்டணத்தைக் குறைக்கக் கேட்கிறார். நன்றி.

புதியவன்_எஸ்இஓ:
குறைக்க ஒத்துக்கொண்டீர்களா? எவ்வளவு?