லாங்ஆர்ம் மிஷினில் தையல் சீராக விழவில்லை: ரெகுலேட்டர் மாற்றணுமா, சக்கரம் மாற்றணுமா?

தையல்கடை, சுங்கை சிப்புட்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தையல்கடை வச்சிருக்கேன். கடைக்குப் பின்னறையில் ஒரு செகண்ட்ஹேண்ட் லாங்ஆர்ம் மிஷின் ஓடுது, அதாவது துணியை ஃபிரேமில் கட்டிட்டு மிஷினையே தள்ளித் தைக்கிற வகை. மிஷினோட கைக்கு உள்ளே 18 அங்குல இடம், 10 அடி ஃபிரேம், அடிநூல் சுத்துற பாபின் எம் அளவு. மலாய்க்காரங்க செலிமுட் பெர்ச்சான்னு சொல்ற துண்டுத்துணிப் போர்வைதான் தைக்கிறேன். மேல பாத்தேக் (மெழுகு வச்சுச் சாயம் போட்ட துணி) துண்டும் பழைய காட்டன் சேலையும் கலந்து வரும், நடுவில் பாலியஸ்டர் பஞ்சு, அடியில் சாதா காட்டன். தோட்டத்தில் இருந்த காலத்தில் நம்ம அம்மாக்கள் பழைய சேலையை அடுக்கி கையால் தச்ச போர்வைக்கு இப்போ பிள்ளைங்க ஆசைப்பட்டுக் கேக்குறாங்க. தீபாவளிக்கு ஆர்டர் நிறைய வந்திருக்கு, அதான் அவசரம்.

தையல் நீளத்தைச் சமமா வைக்கிற ரெகுலேட்டரில் அங்குலத்துக்கு 10 தையல் வச்சிருக்கேன். இடவலமா போனா அழகா விழுது. முன்னும் பின்னும் தள்ளினா தையல் நீண்டு நீண்டு போகுது, தள்ளும்போது கையில் ஒரு உதறலும் தெரியுது. வளைவுகளில் துணியைத் திருப்பிப் பார்த்தா அடியில் மேல்நூல் சின்னச் சின்ன வளையமா தொங்குது. இன்னொண்ணு, பாத்தேக் மேல ஊசி ஏறினாலே நூல் பிரிஞ்சு அறுந்திடுது, இல்லாட்டி தையல் தாவுது. பக்கத்திலேயே இருக்கிற சேலைத் துண்டில் ஒண்ணும் ஆகல.

கோலாலம்பூரில் ஒரு கடைக்காரர் ரெகுலேட்டர் செட்டை முழுசா மாத்து, சக்கரமும் புதுசு போடுன்னு சொல்றார். சொன்ன விலை நான் மிஷினுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல. அவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) போடுறதுக்கு முன்னாடி அனுபவம் உள்ளவங்ககிட்ட கேட்டுடலாம்னு வந்தேன்.

மிஷின் ரிப்பேர், ஈப்போ:

தங்கச்சி, இப்போதைக்கு ஒரு காசும் போடாதீங்க. நீங்க சொன்னது மூணு தனித்தனிக் கோளாறு. ஒரே பெட்டியை மாத்தினா மூணும் தீராது.

முதல்ல தையல் நீளம். ரெகுலேட்டருக்குக் கண் கிடையாது, தூரத்தை அளக்குற ரெண்டு என்கோடர் சொல்றதைத்தான் அது நம்பும். ஒண்ணு மிஷினைத் தாங்குற அடிவண்டியில் இருக்கும், ஃபிரேம் தண்டவாளத்தைத் தொட்டு இடவலத்தை அளக்கும். இன்னொண்ணு மிஷினோட இருக்கும், வண்டி மேல முன்னும் பின்னும் போறதை அளக்கும். என்கோடரோட சின்ன ரப்பர் சக்கரம் உருளாம வழுக்கினா, மிஷின் நகர்ந்த தூரத்தை ரெகுலேட்டர் குறைச்சுக் கணக்குப் போடும், ஊசியைக் குறைவா இறக்கும். தையல் நீளுறது அதனாலதான். ஒரு திசையில் மட்டும் நீளுதுன்னா மோட்டாரையோ பெட்டியையோ சந்தேகப்பட வேணாம், அந்தத் திசையோட என்கோடரைப் பாருங்க.

வீணா போன துணியைக் கட்டி, பக்கவாட்டில் 10 அங்குலம், முன்பின்னா 10 அங்குலம் நேர்க்கோடு தச்சு எண்ணுங்க. ரெண்டும் 100க்குப் பக்கத்தில் வரணும். பிறகு கரண்டை நிறுத்திட்டு, என்கோடர் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு மிஷினை மெதுவா தள்ளுங்க. கோடு நிக்காம சுத்துதா, எங்கேயாவது தயங்குதான்னு தெரிஞ்சிடும்.

உதறலுக்கு வண்டியோட எட்டுச் சக்கரத்தையும் ஒண்ணொண்ணா விரலால் சுத்திப் பாருங்க. அச்சில் நூல் சுத்தியிருக்கும், பஞ்சுத் தூசு அடைஞ்சிருக்கும். தண்டவாளத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைங்க. வழுக்கி ஓடணும்னு அங்க எண்ணெய் ஸ்பிரே அடிச்சிடாதீங்க. தூசு ஒட்டும், என்கோடர் இன்னும் மோசமா வழுக்கும். ரசமட்டம் வச்சு ஃபிரேமையும் பாருங்க. பழைய கடைவீட்டுத் தரை பெரும்பாலும் வாட்டமா இருக்கும். கையை எடுத்தா மிஷின் தானா ஒரு பக்கம் உருளக் கூடாது.

தையல்கடை, சுங்கை சிப்புட்:

அண்ணே, எண்ணிப் பார்த்தேன். பக்கவாட்டில் 99, முன்பின்னா 71! சாக்பீஸ் கோடு பாதி வழியில் நின்னு நின்னு சுத்துது. என்கோடரைக் கீழே அழுத்துற ஸ்பிரிங் ஒரு பக்கம் கழண்டு கிடந்தது, ரப்பர் வளையமும் வழுவழுன்னு ஆயிடுச்சு. பின்பக்கச் சக்கரம் ரெண்டோட அச்சில் பழைய பச்சை நூல் கயிறு மாதிரி திரண்டிருந்தது. நான் பச்சை நூலே வாங்கினதில்லை, விற்றவர் காலத்து நூலாத்தான் இருக்கணும். ஊசிமுனையால் இழுத்து எடுத்தேன். ஸ்பிரிங்கை மாட்டி, அதே அளவு ரப்பர் வளையம் புதுசா போட்டதும் முன்பின்னா 98. உதறலும் போச்சு.

வளைவும் பாத்தேக்கும் அப்படியேதான் இருக்கு.

போர்வை தைப்பவள், கிள்ளான்:

தங்கச்சி, வளைவில் மேல்நூல் அடியில் வளையம் விடுதுன்னா டென்ஷன், அதாவது நூல் இறுக்கத்தோட சமாச்சாரம். மேலே இருக்கிற திருகை முதல்ல தொடாதீங்க. பாபினில் தொடங்குங்க, அது சரியில்லாம மேலே என்ன செஞ்சாலும் வீண்.

பாபின் கேஸை எடுத்து, டென்ஷன் தகட்டுக்கு அடியில் கெட்டியான பேர்அட்டை முனையை விட்டு இழுங்க. அங்க ஒரு துளி பஞ்சு இருந்தாலும் இழுவை மாறிடும். நூல் நுனியைப் பிடிச்சுக் கேஸைத் தொங்க விட்டுக் கையை லேசா அசைச்சா, கொஞ்சம் இறங்கி நிக்கணும். கடகடன்னு தரைக்குப் போனா தளர்வு, அசையவே இல்லைன்னா இறுக்கம். பாபின் நூலோட இறுக்கத்தை அளக்குற தோவா அளவி வச்சிருக்கவங்க எம் பாபினுக்கு 200ஐ ஒட்டி வைப்பாங்க. நான் 40ஆம் நம்பர் பாலியஸ்டர் நூலுக்கு அப்படித்தான் வைக்கிறேன். பாபின் கேஸுக்கு உள்ளே, நாம நிறுத்தும்போது பாபின் தானா சுத்தாம பிடிக்கிற மெல்லிய ஸ்பிரிங் இருக்கான்னும் பாருங்க. பழைய மிஷினில் அது காணாம போயிருக்கும்.

அதுக்குப் பிறகுதான் மேல்நூல். டென்ஷன் தட்டு ரெண்டுக்கும் நடுவில் நூல் ஆழமா உக்காந்திருக்கான்னு பார்த்துட்டு, கால் சுத்து, கால் சுத்தா இறுக்குங்க. ஒவ்வொரு தடவையும் நேர்க்கோடு போதாது, ஒரு வட்டம் தச்சு அடியைப் பாருங்க. நேர்க்கோட்டில் மறைஞ்சிருக்கிறது வட்டத்தில் தெரிஞ்சிடும். வளைவில் கை வேகம் கூடிடும், அங்க கொஞ்சம் நிதானம் வேணும்.

இன்னொரு விஷயம். துணியை ஃபிரேமில் விறைப்பா கட்டாதீங்க. அடியிலிருந்து விரலால் தள்ளினா, மேலிருந்து அந்த விரல் நுனியைப் பிடிக்கிற அளவுக்குத் துணி இடம் கொடுக்கணும். விறைச்ச துணி ஊசியை வளைக்கும்.

மிஷின் ரிப்பேர், ஈப்போ:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. நான் பாத்தேக்குக்கு வரேன்.

நல்ல பாத்தேக் நெருக்கமான நெசவு. சாயத்துக்கும் மெழுகுக்கும் இடம் கொடுக்கிற துணி, ஊசிக்கு இடம் கொடுக்காது. ஊசி அதில் இறங்கும்போது லேசா வளையும். வளைஞ்சா, அடியில் சுத்தி மேல்நூல் வளையத்தைப் பிடிக்கிற ஹூக்கோட முனைக்கும் ஊசிக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய இடைவெளி மாறும். ஒண்ணு ஹூக் வளையத்தைத் தவறவிட்டுத் தையல் தாவும், இல்ல நூலில் உரசிப் பிரிச்சிடும். சேலை மெல்லிசு, அதில் ஒண்ணும் தெரியாது. முதல்ல துண்டுகளை வெந்நீரில் துவைச்சு மெழுகு, கஞ்சி மிச்சத்தை எடுங்க.

இப்போ என்ன ஊசி?

தையல்கடை, சுங்கை சிப்புட்:

எம்ஆர் 3.5, அண்ணே. மிஷினோட வந்த பெட்டியில் அதுதான் இருந்தது.

மிஷின் ரிப்பேர், ஈப்போ:

எம்ஆர்ங்கிறது எல்லாத் திசையிலும் நகர்ந்து தைக்கிற மிஷினுக்கான ஊசி வகை, 3.5ங்கிறது 16 நம்பர். 40ஆம் நம்பர் நூலும் பாத்தேக்கும் சேர்ந்தா அது மெலிசு. எம்ஆர் 4.0 போடுங்க, அதாவது 18 நம்பர். தண்டு தடிமனா இருக்கும், வளையாது. போடும்போது நீளப் பள்ளம் உங்களைப் பார்க்கணும், குழிஞ்ச பக்கம் ஹூக்கைப் பார்க்கணும். ஊசிக் காதில் ஒரு குண்டூசியைச் செருகிப் பாருங்க. குண்டூசி நேரா உங்க நெஞ்சைப் பார்த்து நின்னா சரி. சாய்ஞ்சிருந்தா ஊசி திரும்பியிருக்கு.

துள்ளும் பாதத்தோட உயரமும் முக்கியம். ஊசி கீழே இருக்கும்போது பாதம் துணியைத் தொட்டும் தொடாமலும் இருக்கணும். ரொம்ப உயரமா இருந்தா ஊசி மேலே வரும்போது துணியும் கூடவே எழும்பும், வளையம் சரியா உருவாகாது.

இவ்வளவுக்குப் பிறகும் தாவினா டைமிங், அதாவது ஊசியும் ஹூக்கும் சந்திக்கிற நேரத்தைப் பார்க்கலாம். பிளக்கைப் பிடுங்கிட்டுக் கையால் சக்கரத்தைச் சுத்துங்க. ஊசி அடிமட்டத்திலிருந்து ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் ஏறும்போது ஹூக் முனை ஊசியோட நடுவில், காதுக்குச் சற்று மேலே நிக்கணும். நடுவில் ஒரு காகிதத் தடிமன்தான் இடைவெளி. உங்க மிஷின் புத்தகத்தில் அளவு போட்டிருந்தா அதையே பிடிங்க. ஹூக் திருகைத் தளர்த்தும் முன்னாடி பழைய இடத்தை மார்க்கரில் குறிச்சு, ஃபோட்டோவும் எடுத்துக்கணும். ஹூக் முனையைப் பழைய நைலான் ஸ்டாக்கிங்கால் துடைச்சுப் பாருங்க. இழை மாட்டினா முனையில் பிசிறு இருக்கு.

ஹூக்குக்குத் தெளிவான தையல் மிஷின் எண்ணெய் ஒரே சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, பிசினா இறுகிடும்.

தையல் படிக்கிறவள், கோலகங்சார்:

இடையில் ஒரு கேள்வி அண்ணே. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மிஷின்னா நம்ம கரண்ட் ஒத்து வருமா?

மிஷின் ரிப்பேர், ஈப்போ:

தகட்டில் எழுதியிருக்கிறதைப் பாரும்மா. நமக்கு 230, 240 வோல்ட். அதில் 110, 120ன்னு மட்டும் போட்டிருந்தா ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம சொருகவே சொருகாதே. இடி மின்னல் நேரத்தில் எந்த மிஷினா இருந்தாலும் பிளக்கைக் கழட்டிடணும்.

தையல்கடை, சுங்கை சிப்புட்:

அண்ணே, அக்கா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பாபின் தகட்டுக்கு அடியில் பஞ்சு அப்பியிருந்தது, எடுத்துட்டு இறுக்கமும் சரி பண்ணேன். வட்டம் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுது. 4.0 ஊசியும் துவைச்ச பாத்தேக்கும் சேர்ந்ததில் நூல் அறுந்து போறது நின்னுடுச்சு. தையல் ஓரங்கள் நாலஞ்சு கூடுற தடிச்ச இடத்தில் மட்டும் எப்போவாவது ஒண்ணு தாவுது. சக்கரம் மாத்துறது இனியும் பலன் தருமா?

மிஷின் ரிப்பேர், ஈப்போ:

அந்தத் தடிச்ச இடத்துக்கு டைமிங்கைத் தொட வேணாம். தைக்கும்போதே ஓரங்களை விரிச்சு இஸ்திரி போடுங்க, அங்க மிஷினையும் மெதுவா நகர்த்துங்க.

சக்கரத்தை விரலால் உருட்டிப் பாருங்க. எங்கேயாவது தட்டையா தட்டுச்சுன்னா, பேரிங் கரகரன்னு சத்தம் போட்டுச்சுன்னா மாத்தலாம். அப்போ எட்டையும் சேர்த்து மாத்தணும், ஒண்ணு ரெண்டு மட்டும் புதுசா போட்டா வண்டி சாய்ஞ்சு ஓடும். இல்லைன்னா அந்தக் காசில் ஒரு தோவா அளவியும், 4.0 ஊசி பெட்டி ரெண்டும் வாங்கி வைங்க. தொழில் மிஷின் சாமான் கடையில் இந்த ஊசியை 134ன்னும் டிபி-எக்ஸ்-5ன்னும் ரெண்டு பேரில் கேப்பாங்க, ரெண்டும் ஒண்ணுதான். ஆனா எம்ஆர்னு பெட்டியில் அச்சடிச்சிருக்கான்னு பார்த்து வாங்குங்க.