கம்பிச்சுருள் சோதனை: கணக்கில் 9 மில்லிவோல்ட், மீட்டரில் 12.5. எங்கே தப்பு?

பிளஸ்டூ_அப்பா:
வயரில் ஓடும் ஏசி மின்னோட்டம், பக்கத்திலுள்ள கம்பிச்சுருளில் தொடாமலே மின்னழுத்தம் உண்டாக்குவதைக் காட்ட, மகளின் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்கிறோம். 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகல அட்டையைச் சுற்றி எனாமல் கம்பி 100 சுற்று. மின்னோட்டம் போகும் வயரையும் இதையும் ஒரே மேசைமேல் படுக்க வைத்தோம். நீளப் பக்கம் வயருக்கு இணை, இடைவெளி 1 செ.மீ. சுமை 1000 வாட் அயர்ன் பாக்ஸ்; கிளாம்ப் மீட்டரில் 4.35 ஆம்பியர்.

முதல் நாள் அயர்ன் பாக்ஸ் கார்டு பக்கத்திலேயே சுருளை வைத்துவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று முழித்தோம். ஒரே கார்டுக்குள் போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் ஒட்டிக் கிடந்தால் புலம் அழிந்துபோகும் என்று அப்புறம்தான் உறைத்தது. இப்போது லைனும் நியூட்ரலும் தனித்தனி ஒற்றை வயர், ஒரு மீட்டர் தள்ளி (இன்சுலேஷனைத் தொடவில்லை, கவலை வேண்டாம்). எங்கள் மஞ்சள் மீட்டரில் ஏசிக்குக் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட் என்பதால் மில்லிவோல்ட் காட்டும் மீட்டர் ஒன்றை இரவல் வாங்கினோம். அது 12.5 காட்டுகிறது.

என் கணக்கு: சுருளின் நடு, வயரிலிருந்து 6 செ.மீ. அங்கே புலம் 14.5 மைக்ரோடெஸ்லா. பரப்பு 0.02 சதுர மீட்டர். காந்தப் பாயம் (புலம் × பரப்பு) 0.29 மைக்ரோவெபர். 100 சுற்று, 50 ஹெர்ட்ஸுக்கு 314 (2 × பை × 50). பெருக்கினால் 9.1 மில்லிவோல்ட்தான். மீட்டர் பொய் சொல்கிறதா?

பழைய_டிரான்சிஸ்டர்:
மீட்டர் பாவம் சார், அதை விட்டுவிடுங்கள். நடுப்புள்ளியில்தான் தப்பு. புலம் தூரத்தோடு நேர்கோட்டில் குறைந்தால் நடு மதிப்பு போதும். இங்கே ஒன்றின் கீழ் தூரம் என்று குறைகிறது. உங்கள் சுருளின் உள் ஓரத்தில் 87 மைக்ரோடெஸ்லா, வெளி ஓரத்தில் 8கூட இல்லை.

அட்டையை வயருக்கு இணையாக 1 செ.மீ. பட்டைகளாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வயரை ஒட்டிய முதல் பட்டை மட்டுமே மொத்தப் பாயத்தில் 29 சதவீதம் வாங்கிக்கொள்கிறது. கடைசிப் பட்டைக்கு 4 சதவீதம்தான். பட்டைகளை மெலிதாக்கிக் கூட்டிக்கொண்டே போனால் தொகையிடல். விடையில் இயல் மடக்கை வரும். வெளித் தூரத்தை உள் தூரத்தால் வகுத்தால் 11, அதன் இயல் மடக்கை 2.398. ஆக, 0.2 (புலச் சூத்திரத்தின் மாறிலி) × 4.35 (ஆம்பியர்) × 0.2 (மீட்டரில் நீளம்) × 2.398 = 0.417 மைக்ரோவெபர். சுருளில் 13.1 மில்லிவோல்ட் வர வேண்டும்.

பிளஸ்டூ_அப்பா:
ஆகா! ஆனால் இப்போது 0.6 அதிகமாகிவிட்டதே. இன்னொன்று: நடுவில் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது. லூஸ் கனெக்‌ஷனா?

லேப்_வாத்தியார்:
பூஜ்யமானதும் அயர்ன் பாக்ஸின் விளக்கைப் பாருங்கள், அணைந்திருக்கும். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் மின்னோட்டத்தை நிறுத்திவிடுகிறது. சுருள் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா! கண்காட்சியில் இதையே காட்டுங்கள்.

0.6 விஷயம்: திரும்பி வரும் வயர் சுருளுக்கு எந்தப் பக்கம்? சுருள் இரண்டு வயருக்கும் வெளியே என்றால் திரும்பி வரும் வயரின் புலம் எதிர்த்திசையில் விழும். ஒரு மீட்டர் தள்ளி இருந்தாலும் 4 சதவீதம் தின்றுவிடும். கழித்தால் 12.6. மீதியைச் சுருளின் தடிமன்மேல் போட்டுவிடலாம்.

பிளஸ்டூ_அப்பா:
வெளியேதான் இருக்கிறது! மகளின் கேள்வி ஒன்று பாக்கி. வயர் நடுவில் துளைத்துக்கொண்டு போகிற வட்டத் தட்டு. தட்டு வயருக்குச் செங்குத்து. பாயம் எவ்வளவு? அவள் மியூ நாட் (வெற்றிடத்தின் காந்த மாறிலி) பெருக்கல் மின்னோட்டம் என்கிறாள். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

லேப்_வாத்தியார்:
பூஜ்யம். புலக்கோடுகள் வயரைச் சுற்றி வட்டமடிக்கின்றன, அந்த வட்டங்கள் தட்டின் தளத்திலேயே கிடக்கின்றன. ஒரு கோடுகூடத் தட்டைத் துளைப்பதில்லை. பாப்பா எழுதியது ஆம்பியரின் சுற்று விதி. அது தட்டின் விளிம்பு வழியாக நடந்துபோய்க் கூட்டுவது. அலகைப் பார்க்கச் சொல்லுங்கள்: அங்கே டெஸ்லா மீட்டர், பாயத்துக்கு டெஸ்லா சதுர மீட்டர். பரீட்சையில் வருடாவருடம் பாதி வகுப்பு இங்கேதான் வழுக்கும்.

வயரை ஒரு டப்பாவுக்குள் விட்டு மூடினாலும் மொத்தப் பாயம் பூஜ்யம்தான். அது எந்த மூடிய பரப்புக்கும் பொருந்தும்.

பழைய_டிரான்சிஸ்டர்:
கிளாம்ப் மீட்டரின் தாடையும் வயரைச் சுற்றித்தானே நிற்கிறது, அது எப்படி அளக்கிறது என்று அடுத்து கேட்பாள். ஏசி மட்டும் அளக்கும் வகையில், பாயம் தாடையின் இரும்பு வழியாகவே சுற்றி ஓடுகிறது. அந்த இரும்பின்மேல் சுற்றிய கம்பி அதைக் குறுக்காகப் பிடிக்கிறது. வயர் துளைக்கிற வட்டத்துக்கு இதில் வேலையே இல்லை.

பிளஸ்டூ_அப்பா:
அதே கேள்வியைத்தான் காலையில் கேட்டாள்! இன்று சுருளை இரண்டு வயருக்கும் நடுவே மாற்றி வைத்தோம், அதே 1 செ.மீ. இடைவெளி. இந்தப் பக்கம் புலங்கள் கூட வேண்டும் என்று அவளே கணக்குப் போட்டு 13.7 என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டாள். மீட்டர் 13.5 காட்டியது. இடைவெளியைக் குறைத்துப் பார்க்கலாமா என்கிறாள். நான் இன்னும் சட்டை தேய்க்கவில்லை.