வேப்ல (மின்-சிகரெட்) புது காயிலை, அதாவது லிக்விடை ஆவியாக்கற சூடேற்றியை, எத்தனை வாட்ல தொடங்கினீங்க? கருகின அனுபவம் இருந்தா சொல்லுங்க

கறுத்தபஞ்சு:
0.2 ஓம் மெஷ் (வலை மாதிரி) காயில். 40–60 வாட்னு மேலயே பொறிச்சிருக்கு. பழைய காயிலை 55-ல ஓட்டிப் பழக்கம், புதுசுக்கும் அதே 55. மாட்டி, லிக்விட் டேங்கை நிரப்பி, காயில்ல இருக்கற பஞ்சு ஊற ரெண்டு நிமிஷம்கூட விடல. முதல் இழுப்பு ஒண்ணும் தெரியல. ரெண்டாவதுல காகிதம் எரியற மாதிரி ஒரு காட்டம், தொண்டையைக் கிழிச்சுட்டு இறங்குச்சு. கண்ணுல தண்ணி. 30-க்கு இறக்கியும் அந்த வாடை போகல. பிரிச்சுப் பார்த்தா பஞ்சுல பொட்டு மாதிரி கறுப்பு. சிகரெட்டை விட்டு அப்பதான் மூணு வாரம். அன்னைக்கு ராத்திரி ஒண்ணு பத்த வெச்சுட்டேன். அதுதான் இன்னும் உறுத்துது.

ஒருஓம்:
சகோ, உங்களுக்கு வாட் பிரச்சினையே இல்ல, ஊறவிடாததுதான். நான் ஊறவிட்டும் கருகிச்சு. 1.2 ஓம் குட்டி காயில், 11 வாட்தான், பெட்டியில போட்டிருந்த அளவுக்குள்ளதான். ஆனா ஊத்தினது 80 சதவீதம் விஜி (கிளிசரின்) இருக்கற லிக்விட். அவ்வளவு கெட்டியான லிக்விட் அந்தச் சின்னத் துளை வழியா பஞ்சுக்கு வந்து சேரல. விடாம நாலஞ்சு இழுப்பு இழுத்தேன், அஞ்சாவதுல முடிஞ்சுது. பாதிக்குப் பாதி பிஜி (நீர்த்த புரொப்பிலீன் கிளைக்கால்) இருக்கறதுக்கு மாத்தினதும் அதே 11-ல அடுத்த காயில் சுத்தமா ஓடுச்சு.

மெதுவாஏறு:
வாட் பிரச்சினையே இல்லன்னு சொல்றதை ஏத்துக்க மாட்டேன். என் கதை சின்னது: 0.2-ஐக் கழட்டி 0.8 மாட்டினேன், மாட் (வாட் அமைக்கற பேட்டரிப் பெட்டி) பழைய 55-லயே நின்னுது, பார்க்கல. அந்த ஓமுக்கு 55 வாட்னா 6.6 வோல்ட். பட்டனை அழுத்தின ஒரு நொடியில சடசடன்னு சத்தம், காயில் போச்சு.

அதனால கேளுங்க. காயிலை மாத்தினா முதல்ல திரையைப் பாருங்க. சில மாட் தானா இறக்கிக்கும், எல்லாம் அப்படி இல்ல. பஞ்சு தெரியற ஒவ்வொரு துளையிலயும் சொட்டு விடுங்க, டேங்க் நிரப்பிப் பத்து நிமிஷம் விடுங்க. 40–60-னா 40-லயே ஆரம்பிங்க, பத்துப் பதினஞ்சு இழுப்புக்கு அப்புறம் ரெண்டு ரெண்டா ஏத்துங்க. ருசி மங்க ஆரம்பிச்சா ஏத்தாதீங்க, இறக்குங்க. இனிப்பு அதிகமான லிக்விட் கம்பியில கரியாப் படியும், அதுக்கு எந்த வாட்டும் மருந்து இல்ல. கருகல் வாடையோட தொடர்ந்து இழுக்கவே வேண்டாம். 2015-ல வந்த ஓர் ஆய்வுல 3.3 வோல்ட்ல தென்படாத நச்சான ஃபார்மால்டிஹைட் சேர்மம் 5 வோல்ட்ல தென்பட்டுது. அந்தக் கருகல்ல மனுஷன் இழுக்கவே மாட்டான்னு மறுத்தவங்களும் உண்டு. ஆனா காயில் காசை மிச்சம் பிடிக்க இழுக்கறவங்களை நான் பார்த்திருக்கேன்.

நனைஞ்சகாயில்:
பயந்து ரொம்ப இறக்கினாலும் வம்பு. 40–60 காயிலை 25-ல வெச்சேன். ஆவியாகாத லிக்விட் உள்ள தேங்கி களகளன்னு சத்தம், அப்புறம் சூடா ஒரு துளி நாக்கு நுனியில தெறிச்சுது. ரெண்டு நாள் எரிச்சல். 45-க்கு ஏத்தினதும் நின்னுடுச்சு.

கறுத்தபஞ்சு:
மெதுவாஏறு சொன்னபடி 40-ல தொடங்கி இப்ப 46. அதுக்கு மேல போகல. ஒருஓம் சொன்னதும் சரிதான், இந்தத் தடவை கால் மணி நேரம் ஊறவிட்டேன். ஆனா ஒவ்வொரு புது காயிலுக்கும் அந்த ரெண்டாவது இழுப்புல மட்டும் கை தயங்குது. உங்களுக்கும் அப்படி இருக்கா?